முக்க முடியாத புனிதர்

பஸ்தியேன் புனிதரானதற்கு அவனுடைய சோம்பேறித்தனம்தான் காரணம். பதினைந்தாம் லூயி ராஜா காலத்தில் பூர்கோஞ் திராட்சைச் சீமையில் எந்த ஆணும் தாடி வைப்பதில்லை. இவன் மட்டும் சவரத்துக்குப் போய் உட்கார அலுத்துக்கொண்டு, நெஞ்சு வரை வளர விட்டிருந்தான். திராட்சைத் தோட்டத்தைக் கொத்துவது, கொடி கட்டுவது, கவாத்து பண்ணுவது எல்லாம் அவன் மனைவி தொமசீன் பாடு.

ஊர்க் கோயிலில் திராட்சைக்காரர்களின் காவலரான புனித உர்பேனுக்கு ஒரு மரச்சிலை இருந்தது. அவருடைய மே மாதத் திருநாள் நல்ல வெயிலோடு வந்தால் சிலையின் வாயில் ஒயின் ஊற்றுவார்கள். உறைபனி விழுந்து துளிர் கருகினால், அதே சிலையைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் முக்கி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். புதிதாக வந்த மூஷே சாமியாருக்கு இது பெரிய மானக்கேடாகப் பட்டது. செல்லரித்த சிலையை அடுப்புக்கு அனுப்பிவிட்டு, தீஜோன் நகரத்திலிருந்து ஓர் ஓவியனை வரவழைத்தார். எண்ணெய் வண்ணத்தில், தங்கச் சட்டத்தில், ஆள் உயரப் படம். இனி எதை முக்குவார்கள், பார்க்கலாம் என்பது அவர் நினைப்பு.

புனிதர் பழங்காலத்துப் பாப்பரசர், அதனால் தாடி வேண்டும் என்றான் ஓவியன். ஊரில் இருந்தது ஒரே தாடி. பஸ்தியேனையே எதிரில் உட்கார வைத்து வரைந்தான்.

படம் பீடத்துக்கு மேலே ஏறியதும் பஸ்தியேனுக்குத் தலைகால் புரியவில்லை. தலையில் மும்முடி, கையில் திராட்சைக் குலை, பரலோகத்தை ஏக்கத்தோடு பார்க்கும் கண்கள். அந்தக் கண்கள் உண்மையில் பார்த்தது ஓவியன் பரண்மேல் வைத்திருந்த ஒயின் சாடியை. ஆனாலும் பெண்கள் அவன் முகத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஒயின் கடையில் ஆண்கள் எழுந்து இடம் கொடுத்து, ஊற்றியும் கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து நாய்கூட மதிக்காத மனிதனுக்கு அந்த ருசி லேசில் விடுமா?

குளிர் விட்டதும் தொமசீன் மண்வெட்டியை நீட்டினாள்.

"ஒரு கை பிடிய்யா. இடுப்பு விட்டுப்போச்சு."

"சாமி மண்ணு கொத்தி எங்கயாவது பாத்திருக்கியாடி?"

அவள் மண்வெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். தானே கொத்தப் போய்விட்டாள்.

திருநாளுக்கு முந்தின காலை உறைபனியில் ஊரே வெள்ளையாக விடிந்தது. வெயில் ஏற ஏற, சரிவு முழுவதும் துளிர்கள் வெந்த கீரை மாதிரி தொங்கின. ஒரு வருஷப் பிழைப்பு போயிற்று. கோயிலுக்குத் திரண்டு வந்தவர்களைச் சாமியார் வாசலிலேயே மறித்தார்.

"எண்ணெய்ப் படம்ப்பா. தண்ணி பட்டா உரிஞ்சு போயிடும்."

"அப்போ யாரை முக்குறது?" என்று கேட்டார் பீப்பாய் செய்யும் கோலா.

எல்லோரும் உள்ளே இருந்த படத்தைப் பார்த்தார்கள். பிறகு கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பஸ்தியேனைப் பார்த்தார்கள்.

அவன் ஓட்டமாக ஓடி நாவிதர் ரிகோவின் கடையில் போய் விழுந்தான். தாடி போனால் புனிதமும் போய்விடும், தப்பித்துவிடலாம்.

"மொத்தத்தையும் எடுத்துடுங்கண்ணே. சீக்கிரம்."

ரிகோ கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். "எனக்கும் மேட்டுல கொஞ்சம் கொடி கருகிக் கெடக்கு தம்பி. மொதல்ல முங்கிட்டு வா. நனைஞ்ச தாடி வழிக்கச் சுளுவா இருக்கும்."

அதற்குள் கூட்டம் வந்து அவனை அள்ளிக்கொண்டது. கோயிலைக் கடக்கும்போது அவன் சாமியாரின் அங்கியை எட்டிப் பிடித்தான்.

"நான் புனிதர் இல்லேன்னு நீங்களே சொல்லுங்க சாமி."

சாமியார் திரும்பிப் படத்தைப் பார்த்தார். தங்கச் சட்டத்தையும் பார்த்தார். "நீ காஞ்சுடுவே மகனே," என்றார். "அது தாங்காது."

ஆற்றுத் தண்ணீர் எலும்பு வரை குத்தியது. இரண்டு பேர் தோளைப் பிடித்து முக்கினார்கள். "ஓசியில வாங்கிக் குடிச்சேல்ல? வெயில் எங்கய்யா?" என்று கோலா கேட்டார். மெழுகுவத்தி ஏற்றிய பெண்கள்தான் அதிகம் வைதார்கள்.

"அடுத்த வருஷம் பனி விழுமா?" என்று பிடித்தவர்கள் உலுக்கினார்கள்.

"விழாது, சத்தியமா விழாது," என்றான் பஸ்தியேன், மூக்கில் தண்ணீர் ஒழுக.

ஊருக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது. சிரிப்பும் வந்துவிட்டது. அவனைக் கரையேற்றப் போனார்கள்.

"நில்லுங்க," என்றாள் தொமசீன்.

பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள். கையில் கருகிய துளிர் ஒரு பிடி இருந்தது. கண்கள் அழுது வீங்கியிருந்தன. கருகியது தன் தோட்டமும்தான் என்பது பஸ்தியேனுக்கு அப்போதுதான் உறைத்தது. குளிர்கூட மறந்துபோயிற்று.

"நீங்க சாமியை முக்கிட்டீங்க," என்றாள் அவள் ஆட்களிடம். "என் புருஷனை எங்கிட்ட விடுங்க."

அவர்கள் தோளை விட்டு விலகினார்கள். பஸ்தியேன் அவள் கையிலிருந்த துளிரை ஒருமுறை பார்த்தான். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, அவள் கைக்குத் தானே தலையைக் கொடுத்தான்.