புதருக்குள் ஒரு கண்டக்டர்

கண்டக்டர் ஓய்வு பெற்றாலும் அவருடைய விசில் ஓய்வு பெறவில்லை. உதட்டை மடித்து அவர் ஒன்று விட்டால் அடுத்த தெருவில் போகிற பேருந்து நின்றுவிடும். ஒருமுறை சவ ஊர்வலமே நின்றதென்றும், படுத்திருந்தவர் இறங்கப் பார்த்தாரென்றும் சொல்வார்கள். இறங்கப் பார்த்தது பொய்; நின்றது மெய்.

அந்த விசில்தான் அவரைப் பாவத்தில் தள்ளியது.

அவருடைய சம்பந்தி, தம் மனைவி இறந்த பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. சர்வேயராக இருந்து ஊர் நிலத்தையெல்லாம் அளந்த மனிதர், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவிலுள்ள தூரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தார். அந்த வீட்டு மருமகளான கண்டக்டரின் மகள் அப்பாவிடம் சொன்னாள்:

“மாமா இப்படியே இருந்தா சுவரோட ஒட்டிப் போயிடுவாருப்பா. நடைபாதைக்காவது இழுத்துட்டுப் போங்க.”

பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் போட்ட பாதை அது. ஒரு பாதி நடக்கிறவர்களுக்கு, மறுபாதி சைக்கிளுக்கு, இரண்டு பக்கமும் புதர். சம்பந்தி முதல் வளைவு வரை வந்து, “போதும், திரும்பலாம்” என்பார். மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில், மனிதரை இன்னும் கொஞ்சம் நகர்த்தலாமே என்று கண்டக்டர், ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி முன்னால் ஓடினார். வளைவுக்கு அப்பால் புதருக்குள் உட்கார்ந்து, தம் விசிலின் வாலைச் சற்றே நெளித்து ஒன்று விட்டார்.

சம்பந்தியின் தலை நிமிர்ந்தது. மாதக்கணக்கில் நிமிராத தலை.

“சம்பந்தி, கேட்டீங்களா? இது இந்தப் பக்கத்துப் பறவையே இல்ல.”

“அப்படியா?” என்று வந்து நின்ற கண்டக்டர் வேட்டியில் ஒட்டியிருந்த முள்ளைத் தட்டினார்.

மறுநாள் சம்பந்தி பைனாகுலரோடு வந்தார். பறவை ஒவ்வொரு நாளும் ஒரு புதர் தள்ளிக் கூவியது. அவரும் ஒவ்வொரு நாளும் ஒரு புதர் தள்ளி நடந்தார். மழை நின்று பனி இறங்கியதும் அந்தக் குளிரில் புதருக்குள் உட்காரக் கண்டக்டரின் இடுப்பு மறுத்துவிட்டது. அது மழைக்கு மட்டும் வருகிற பறவை என்று சம்பந்தி முடிவுகட்டினார். ஒரு பறவையின் வலசைக்காலத்தை இன்னொருவரின் இடுப்புவலி தீர்மானித்தது உலகத்தில் அதுதான் முதல் தடவை. பனியில் மீன்கொத்தி, வெயிலில் குக்குறுவான் என்று சம்பந்தி மற்ற பறவைகளையும் பார்த்துப் பழகினார். ஆனாலும் அவர் மனம் அடுத்த மழையிலேயே இருந்தது. அடுத்த மழை வந்தபோது அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் கண்டக்டர் மறுபடி புதருக்குள் போனார்.

அப்போதுதான் சம்பந்தியின் கண்ணில் புரை முற்றியது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வையே போய்விடலாம் என்றார் டாக்டர்.

“மழை முடியட்டும்,” என்றார் சம்பந்தி. “இப்ப பண்ணா வெளிய விடமாட்டாங்க. அதுக்குள்ள அது போயிடும். ஒரு தடவையாவது அதைப் பாத்துடணும்.”

“நீங்க சொன்னாத்தாம்ப்பா கேப்பாரு,” என்றாள் மகள். “உங்களைத்தான் அவ்வளவு நம்புறாரு.”

கண்டக்டர் அன்று இரவெல்லாம் யோசித்தார். விடிந்ததும் வாயை மூடிக்கொள்வதென்று தீர்மானித்தார். பறவை கிளம்பிவிட்டது என்று சம்பந்தியும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார்.

விடிந்தது. வளைவில் அதே விசில், நெளிந்த வாலோடு. கண்டக்டர் தம் உதட்டைத் தொட்டுப் பார்த்தார், மூடித்தான் இருந்தது. கிளையில் ஒரு மைனா. இரண்டு மழையாகக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணியிருக்கிறது. அது மட்டுமா, மனைவி மக்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறது. குடும்பமே சேர்ந்து விசிலடித்ததில், சைக்கிளில் போன ஒருவர் பழக்கதோஷத்தில் பிரேக் போட்டு இறங்கி, நிறுத்தம் எங்கே என்று தேடினார்.

“இன்னும் போகல, பாத்தீங்களா,” என்றார் சம்பந்தி, கலங்கிய கண்ணை மரத்தின் பக்கம் தூக்கி.

கண்டக்டர் கிளையைக் காட்டினார். “சம்பந்தி, அது மைனா.”

“மைனா இப்படிக் கூவுமா?”

“நான் பழக்கிட்டேன். முதல்ல புதருக்குள்ள இருந்தது நான்தான்.”

சம்பந்தி சிரித்தார். கண்டக்டர் அங்கேயே நின்று விசிலடித்துக் காட்டினார். மரத்திலிருந்து பதில் வந்தது.

“நல்லாவே கத்துக்கிட்டீங்க. அதுவே ஏமாந்து பதில் சொல்லுது.”

“சத்தியமா நான்தான்.”

“சத்தியத்தை வெச்சு நான் யார் நிலத்தையும் அளந்ததில்ல. கண்ணால பாக்கணும்.”

“அப்ப கண்ணைச் சரிபண்ணிட்டு வாங்க. மழை போனாலும் மைனா எங்கயும் போகாது. போச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்.”

“மீசையைத் தடவி வெச்சுக்கோங்க,” என்று சொன்ன சம்பந்தி, அவரைப் பொய்யராக்குவதற்காகவே அந்த வாரம் ஆபரேஷன் செய்துகொண்டார்.

கட்டுப் பிரித்து, வெளியே விட்டபோது மழை ஓய்ந்திருந்தது. மொட்டைக் கிளையில் மைனா மஞ்சள் அலகைத் திறந்தது; தொண்டை புடைத்தது; விசில் வந்தது. சம்பந்தி பைனாகுலரை வெகுநேரம் இறக்கவில்லை. இறக்கியதும் கேட்டார்:

“அவ்வளவு மழையில புதருக்குள்ளயா உக்காந்திருந்தீங்க?”

“குடை வெச்சிருந்தேன்.”

“நான் நனைஞ்சேன்,” என்றார் சம்பந்தி.

பைனாகுலரை உறையில் போட்டுக்கொண்டு நடந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கண்டக்டர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மறுநாளும் சம்பந்தி நடக்க வந்தார், அதற்கடுத்த நாளும். தப்பித்தோம் என்றுதான் கண்டக்டர் நினைத்தார். வெயில்காலம் வந்து, உண்மையான குயில் ஒன்று கூவியபோதுதான் கவனித்தார். சம்பந்தியின் தெளிந்த கண் முதலில் கண்டக்டரின் வாயைப் பார்த்தது. பிறகுதான் மரத்துக்குப் போனது. மீன்கொத்திக்கும் அப்படியே, குக்குறுவானுக்கும் அப்படியே.

அன்றிலிருந்து கண்டக்டர் வாயை ஆவென்று திறந்தபடியே நடந்தார், உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியட்டும் என்று. ஒரு கொசு நேரே தொண்டைக்குள் போயிற்று. துப்பினால் சத்தம் வரும். விழுங்கிக்கொண்டு நடந்தார்.