ஆடாத கை கிடைக்காது

தாராவியில் எங்கள் சந்தில் என் கிறுக்கல்களைப் பார்க்காதவர்கள் இல்லை. காகிதத்தில் கோடு கோணினால் கசக்கி எறிந்துவிடலாம். மருதாணியில் கோணினால் அது ஒரு வாரம் குழாயடிக்குப் போகும், பால் வாங்கப் போகும், கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டை நீட்டும். கேட்டவர்களுக்கெல்லாம் "கரீம் பாட்சா மவ பரீஹா போட்டது" என்று என் பெயரையும் சொல்லிவிட்டு வரும்.

முதலில் மாட்டியவள் என் அக்கா ஹாஃபிஸா. நான் லாத்தா என்று கூப்பிட்டுக் கெஞ்சினால் எதையும் தருவாள், கையையும் தந்தாள். கொடி வரைந்தேன். மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு சாச்சி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

"என்னளா இது, நரம்பு சுருண்டுக்கிட்டா? டாக்டர்ட்ட காட்டுனியா?"

லாத்தா வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்த கையோடு என் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். நியாயமான விமர்சனம்.

பள்ளிக்கூடத்தை நான் எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டேன். எழுந்து வாசி என்றால் எனக்குக் குரல் வராது. தொண்டைக்குள் யாரோ பூட்டுப் போட்டுவிட்டு தாதர் பக்கம் போய்விட்ட மாதிரி இருக்கும். டீச்சர் பிரம்பால் மேஜையைத் தட்டுவார், வகுப்பு சிரிக்கும், நான் உட்கார்ந்துவிடுவேன். இந்த நாடகத்துக்குத் தினமும் சீருடை வேறு போட வேண்டுமா என்று ஒருநாள் போகாமல் இருந்தேன். அப்புறம் போகவே இல்லை. உம்மா அழுதாள். வாப்பா, "சரி, சொல்யூஷன் தடவட்டும்" என்றார்.

சொல்யூஷன் என்றால் தோலை ஒட்டும் பசை. எங்கள் வீட்டுக்குக் கீழே வாப்பாவின் பட்டறை, மேலே ஏணி ஏறினால் நாங்கள். பட்டறையில் பர்ஸ் செய்கிறார்கள். நான் பர்ஸின் ஓரங்களில் பசை தடவினேன். அந்த வாசனையில் மதியத்துக்குள் தலை சுற்றும். இரவுச் சோற்றில்கூட அதுதான் மணக்கும். கல்யாணம் ஆகும்வரை இதுதான் என்று எல்லாரும் முடிவு செய்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டிலும் பட்டறை இருந்தால் அங்கேயும் இதுதான்.

தப்பிக்க ஒரே வழி, சந்துக்கே லாத்தாவான பேகம் லாத்தாவின் பியூட்டி பார்லர். பெருநாள் நெருங்கினால் அங்கே மருதாணிக்குக் கூட்டம் தாங்காது. போன வருடம் வேலை செய்த பெண் கல்யாணமாகி பாண்டுப்புக்குப் போய்விட்டாள். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல முடிந்திருந்தால் நான் பத்தாவதே பாஸ் பண்ணியிருப்பேன்.

பழகுவதற்குக் கை வேண்டுமே. லாத்தாவுக்குப் பிறகு சந்தில் ஒருத்தியும் கை கொடுக்கவில்லை. என்னைக் கண்டாலே துப்பட்டாவுக்குள் கையை இழுத்துக்கொண்டார்கள். அதனால் பட்டறையில் வெட்டி மிஞ்சிய வெளிர் நிற ஆட்டுத்தோல் துண்டுகளை எடுத்துக்கொண்டு மேலே போனேன். செத்த ஆடு போன் எடுக்காது, மூக்கு சொறியாது. தோலும் தோல்தானே, மருதாணி நன்றாகவே பிடித்தது.

போனில் ஒரு பெண் வரையச் சொல்லிக்கொடுப்பாள். முதல் வீடியோவிலேயே மயில். நான் மயிலை விட்டுவிட்டு வெறும் கோடு போட்டேன். நேர்கோடு, அப்புறம் அதற்குப் பக்கத்தில் ஒட்டாமல் இன்னொன்று. மருதாணிக் கோனை ஒரே அளவாக அழுத்தினால்தான் கோடு ஒரே தடிமனாக வரும். மூச்சு விடும்போது அழுத்தம் மாறும், கோடு பாம்பு இரை விழுங்கின மாதிரி நடுவில் வீங்கும். கோன் முனையையே பார்த்துக்கொண்டிருந்தால் கை நடுங்கியது. கோடு எங்கே போய்ச் சேர வேண்டுமோ அந்த இடத்தைப் பார்த்தபோது கை தானாகப் போனது. இதை அந்த வீடியோ பெண் சொல்லவில்லை. அவள் லைக் போடச் சொன்னாள்.

பட்டறையில் தோல் வெட்டும் ஷகீல் காக்கா என் துண்டுகளைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்ப்பார்.

"இது லோக்கல் டிரெயின்ல நின்னுக்கிட்டே போட்டதா?" என்பார். அடுத்த வாரம், "இப்ப சீட்டு கெடச்சிருக்கு போல" என்பார். பாராட்டு என்றால் அவரிடம் அவ்வளவுதான் வரும்.

அந்த நேரத்தில் அவர் பிடித்திருக்கும் தோல் நழுவும். உடனே வாப்பா கத்துவார்: "அசையாமப் புடில, பேதீல போறவனே!" மேலப்பாளையத்தை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் வாப்பாவின் ஹிந்தி இன்னும் நொண்டிதான். திட்டு மட்டும் ஊர்த் தமிழில் ஜம்மென்று வரும்.

கடைசியில் லாத்தாதான் என் தோல் துண்டுகளைப் போட்டோ எடுத்து பேகம் லாத்தாவுக்கு அனுப்பினாள். முதுகில் வைத்த கைக்குப் பரிகாரம் போலும். பேகம் லாத்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"தோல்ல நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கிட்ட ஆடு மாடு வராது, பொம்பளைங்கதான் வருவாங்க. ஒரு கை முழுசாப் போடு. நல்லா இருந்தா சேர் ஒனக்கு. இல்லன்னா போயி பர்ஸ ஒட்டு."

நான் தலையாட்டினேன். அது எனக்கு நன்றாக வரும்.

அப்போது உள்ளே வந்து உட்கார்ந்தவர் மாட்டுங்கா ருக்கு மாமி. தோல் பை வாங்க தாராவி வந்தவர், அப்படியே பார்லரில் நுழைந்துவிட்டார். பட்டுப் புடவை, வைரத் தோடு, கையில் போன். மற்ற பெண்கள் அவசரமாகப் புருவம் திருத்தும் வேலையில் மூழ்கினார்கள். பெரிய இடத்துக் கை, கோணினால் வம்பு; இதை யாரும் தொடப் போவதில்லை என்று புரிந்தது. பேகம் லாத்தா என்னைப் பார்த்துக் கண் காட்டினாள்.

"ஏண்டி கொழந்தே, நீயா போடப் போறே? பாத்துப் போடு. எங்காத்து அஷ்வத் பஞ்சாபிப் பொண்ணைப் பண்ணிக்கறான். மெஹந்திக்குன்னே ஒரு நாள் வச்சிருக்கா. மாப்பிள்ளைக்கு அம்மா வெறுங்கையோட வந்தா நன்னாருக்காதாம்."

கையை வாங்கி மேஜைமேல் வைத்தேன். மணிக்கட்டில் கோனை ஊன்றி, நடுவிரல் நுனியைப் பார்த்துக்கொண்டு, முதல் கோட்டை இழுத்தேன். அருமையாகப் போனது. உள்ளங்கையின் பாதியில் மாமி கையைத் தூக்கினார்.

"அங்கே எல்லாரும் டான்ஸ் ஆடுவாளாம். இப்படி, பல்பைத் திருகற மாதிரி!"

பல்பைத் திருகிக் காட்டினார். கோடு கட்டைவிரலுக்குத் தாவியது. துடைத்தேன். மறுபடி ஆரம்பித்தேன். இப்போது சம்பந்தியம்மாள் எவ்வளவு உயரம் என்று காட்டக் கை மேலே போனது. அப்புறம் கேட்டரிங்காரன் பாயசத்தில் என்ன செய்யப் போகிறான் என்று காட்டக் கை வட்டமாகச் சுற்றியது. அந்த வட்டத்தில் என் கோடும் சுற்றியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாள் நான் பாதிதான் பழகியிருந்தேன். என் கை ஆடவில்லை, அவர் கை ஆடியது. ஆட்டாதீர்கள் என்று சொன்னால் போதும். ஆனால் தொண்டையில் அதே பழைய பூட்டு. பேகம் லாத்தா தூரத்திலிருந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நாற்காலி என்னை விட்டு நகர்ந்து போவது எனக்குத் தெரிந்தது. அதன் இடத்தில் சொல்யூஷன் டப்பா வந்து உட்கார்ந்தது.

மாமியின் போன் அடித்தது. எந்தக் கையால் எடுத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பூட்டு உடைந்தது. உள்ளேயிருந்து வந்தது என் குரல்தான், ஆனால் பேச்சு வாப்பாவுடையது. பக்கத்திலிருந்து நான் கேட்டுப் பழகிய ஒரே சத்தம் அதுதானே.

"அசையாமப் புடில, பேதீல போறவனே!"

பார்லரில் ஹேர் டிரையர்கூட நின்றது. பேகம் லாத்தா கையிலிருந்த நூலைக் கீழே போட்டாள். நான் எழுந்து ஓட நினைத்தேன். மேஜைக்கடியில் காலால் செருப்பைத் தேடினேன்.

மாமி போனை மடியில் வைத்தார். கை மேஜைக்குத் திரும்பி வந்து, விரல்கள் விரிந்து, பலகை மாதிரி நின்றது. மாமியே அதை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எங்க மாமியார் கல்லிடைக்குறிச்சிக்காரி" என்றார் மெல்ல. "அதே வசவு. அவ வாயத் தொறந்தா நேக்கு மூச்சுக்கூட நின்னுடும். அவ போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, இந்தக் கை இன்னும் மறக்கலை பாரேன்."

அந்தப் பயம் தெளிவதற்குள் வேலையை முடிக்க வேண்டுமே. கோனை ஊன்றினேன். கொடி போனது, இலை விழுந்தது, இலைக்குள் வலை பின்னியது. பஞ்சாபியோ பாயசமோ குறுக்கே வரவில்லை. அந்த மாமியார் எந்த சொர்க்கத்தில் இருந்தாலும் அவருக்கு நல்லது நடக்கட்டும் என்று துஆ செய்துகொண்டே முழங்கைவரை போனேன்.

மாமி கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொடி ஜோரா இருக்கு. மோதிர விரல்ல மட்டும் ஒரு கோடு குண்டாயிருக்கு."

குண்டாகத்தான் இருந்தது. அங்கே எனக்குச் சிரிப்பு வந்து அழுத்திவிட்டேன்.

அவர் போனபிறகு பேகம் லாத்தா என் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு வந்துரு. ஆனா அந்த வார்த்தை நம்ம பார்லர்ல ஆகாது, என்ன? எல்லா கஸ்டமருக்கும் கல்லிடைக்குறிச்சியில மாமியார் இருக்க மாட்டா. மரியாதையா ஒண்ணு பழகிக்க."

அன்று சாயங்காலம் முழுக்க ஏணிப்படியில் உட்கார்ந்து பழகினேன். "கொஞ்சம் ஆட்டாம இருங்க." முதலில் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் காற்று வந்தது.

"யாருட்டளா பேசுத?" என்று உம்மா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாங்க ஆடலியே?"

மறுநாள் முதலில் வந்தது ஒரு காலேஜ் பெண். கை என்னிடம், கண் போனில். ரீல் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் கை குலுங்கியது. நான் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், குரல் நடுவில் மெலிந்து, பிறகு வீங்கி, கோணலாகப் போனது.

"க்யா?" என்று நிமிர்ந்தாள்.

"ஹாத்" என்றேன், ஏணிப்படியில் பழகியதையே ஹிந்தியாக்கி. "ஹிலாவோ மத்."

"ஓ, சாரி" என்று கையை நீட்டி வைத்தாள். கோனின் முனையைத் துடைத்துக்கொண்டு அவள் நடுவிரல் நுனியைப் பார்த்தேன்.