பதினோரு கட்டைவிரல்கள்

நாற்காலிக்காரர் தன் பட்டறைக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தார். அதில் வேலையாட்களும் சொந்தக்காரர்களுமாகப் பதினைந்து பேர். புது நாற்காலி செய்தால் படமெடுத்துப் போடுவார். மச்சினன் முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்குவான். பின்னாலேயே மற்றவர்களும் தூக்குவார்கள். குறை சொன்ன நால்வரை அவர் நீக்கிவிட்டார். நாலாவது ஆள் அவர் மனைவி. "உட்கார்ந்தா முன்னாடி தள்ளுது" என்று எழுதியதுதான் அவள் செய்த குற்றம்.

அந்த நாற்காலியைப் பார்க்கத்தான் நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்காரர் வருகிறார். பிடித்தால் அறுபது நாற்காலி. பிடிக்காவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

சாயங்காலம் மெருகு போட்டு முடித்துப் படத்தை அனுப்பினார். கண்மூடித் திறப்பதற்குள் பதினோரு கட்டைவிரல். "மாமா கை பட்டா மரமும் பேசும்" என்று மச்சினன் எழுதியிருந்தான். நாற்காலிக்காரர் பூரித்துப்போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ரிப்பேருக்கு வந்திருந்த மூன்றுகால் நாற்காலியின் படம் அது.

மச்சினனுக்குப் போன் போட்டார். "படத்தைப் பாத்தியாடா?"

"எதுக்கு மாமா பாக்கணும்? நீங்க போட்டா நல்லாத்தான் இருக்கும்."

புது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுல கொஞ்சம் உட்காரு."

"நான்தான் குரூப்புலயே இல்லையே."

"இது வீடு."

உட்கார்ந்தாள். இரண்டு பொத்தான் தைப்பதற்குள் விளிம்புக்கு வந்துவிட்டாள்.

"தள்ளுது. அன்னைக்குச் சொன்னதுதான். கிணத்துக்குள்ள தலைய விட்டு 'பிரமாதம்'னு கத்திட்டு, திரும்பி வர்ற சத்தத்த ஊர் பாராட்டுன்னு நினைச்சுக்கிட்டா நான் என்ன பண்றது?"

அவர் ரம்பத்தை எடுத்துப் பின்னங்கால்களில் கொஞ்சம் அறுத்தார். "இப்போ?"

"இன்னும் தள்ளுது."

மூன்றாம் முறை அறுத்தபோது அவள் முன்னால் நழுவவில்லை. சாய்ந்து உட்கார்ந்து அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள்.

காலையில் வந்த ஆஸ்பத்திரிக்காரர் அதில் உட்கார்ந்து தன் மருமகனைப் பற்றி அரைமணி நேரம் குறைபட்டார். எழுந்திருக்காமலே ஆர்டரும் கொடுத்தார்.

நாற்காலிக்காரர் மனைவியைக் குரூப்பில் சேர்த்தார். பிறகு படத்தையும் சேதியையும் போட்டார். பதினோரு கட்டைவிரல் விழுந்தது. அவள் மட்டும் எழுதினாள்: "இடது கைப்பிடி கொஞ்சம் உயரம்."

அவர் அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தார். உயரம்தான். ரம்பத்தைத் தேடி எடுப்பதற்குள், அவள் எழுதியதற்கும் மச்சினன் கட்டைவிரலைத் தூக்கியிருந்தான்.