அப்பா ஒருத்தர்தான் பாக்கி

தம்பி கல்யாணத்துல பட்டுப்புடவை கட்டிக்கிட்டு சிரிச்ச முகமா நின்னா போதும்னு நெனச்சேன். என் நேரம்! "அக்கா, சின்னதா ஒரு ஸ்லைட் ஷோ செஞ்சு குடு, ஆஃபீஸ்ல தினமும் செய்றதுதானே"ன்னான் கால்வின். சின்னதாம்! நான் செனாய்ல ஒரு ஃபேக்டரியில வேலை பாக்குறேன். அங்க நான் காட்டுற ஸ்லைடுல ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும்தான் இருக்கும். ஸ்க்ரூவுக்கு சித்தப்பா பெரியப்பா கிடையாது. 'என் படம் ஏன் ஓரத்துல இருக்கு'ன்னு அது கோவிச்சுக்காது.

கூலாய்ல மண்டபம் புக் பண்ணியிருந்தாங்க. நான் நேர்ல போய்ப் பாத்தேன். அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் இல்ல, ஸ்லைடைத் திறக்கிற சாஃப்ட்வேர் இல்ல, கண்ட எழுத்தையும் அது படிக்காது. அதைப் பாத்துக்கிற மலாய்ப் பையன் சிரிச்சுக்கிட்டே, "சத்து ஃபைல் சஜா"ன்னான். ஒரே ஒரு ஃபைல்தான் குடுக்கணுமாம், தட்டினா தானா ஓடணுமாம். படம், பேரு, பாட்டு, குரல் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கணும். நாசி லெமாக் பொட்டலம் மாதிரி, பிரிச்சா தேங்காய்ப்பால் சோறும் உள்ள, சம்பலும் உள்ள, முட்டையும் உள்ள. சரி, எல்லாத்தையும் வீடியோவா கன்வெர்ட் பண்ணிடலாம்னு தலையாட்டிட்டு வந்தேன்.

அப்புறம்தான் ஆரம்பிச்சுது. கல்யாணப் பொண்ணு வாசுகி, பண்டார் தெங்காராக்காரி. அவ பக்கத்து சொந்தக்காரங்க ஒருத்தர் வேர்ட்ல அனுப்புறார், ஒருத்தர் பி.டி.எஃப்ல அனுப்புறார். ஒரு அத்தை, சுவத்துல மாட்டின படத்தை மாட்டினபடியே போன்ல புடிச்சு அனுப்புறாங்க, முகம் இருக்கிற இடத்துல டியூப்லைட் தெரியுது. அவ பெரியப்பா ஹேமநாதன் குடும்பத்துப் பேரையெல்லாம் கோயில் கமிட்டி கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி அனுப்பினார். பழைய காலத்து ஃபான்ட். அவர் கம்ப்யூட்டர்ல அது நல்ல தமிழ். வேற எங்க திறந்தாலும் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமா நிக்குது. உதவி பண்றேன்னு வந்த கால்வின், ஃபைல் பேரோட வாலை மட்டும் மாத்திட்டு "வீடியோ ஆக்கிட்டேன்க்கா"ன்னான். நாய்க்குப் பூனைன்னு பேரு வெச்சா மியாவ்னு கத்துமா? போடான்னு விரட்டிட்டேன்.

ஒவ்வொருத்தர் படத்தையும், ஒவ்வொருத்தர் பேரையும் உக்காந்து மாத்தினேன். கடைசியில எல்லாரும் வந்தாச்சு, வாசுகியோட அப்பா அர்ச்சுனன் அங்கிள் படம் மட்டும் வரல. கேட்டா நாளைக்கு, நாளைக்கு. வேலைக்குக் கெளம்புற அவசரத்துல, ரெண்டு குடும்பமும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டுப் போனேன்.

"வாசுகி, உங்க பக்கத்து ஆளுங்க எல்லாரையும் நான் கன்வெர்ட் பண்ணிட்டேன். அப்பா ஒருத்தர்தான் பாக்கி. எத்தனை நாள் தள்ளிப் போடுவாரு? சீக்கிரம் அனுப்பி வை லா. கன்வெர்ட் பண்ணாம வந்தா மண்டபத்துல ஏத்துக்கவே மாட்டாங்க."

வேலை முடிஞ்சு போனைப் பாத்தா, எந்நேரமும் குட் மார்னிங் பூவா கொட்டுற குரூப்புல ஒரு சத்தமும் இல்ல. கால்வின் போன் அடிச்சான். "அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்க? கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டாங்க. அங்கிள் நம்ம வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கார்."

எனக்கு ஒண்ணும் புரியல. அடிச்சுப் புடிச்சு செடெனாக்ல இருக்கிற எங்க வீட்டுக்கு வந்து சேந்தேன். அங்கிளோட வேன் வாசல்ல நிக்குது. எங்கம்மா வெச்ச மைலோ ஆறிக்கிட்டு இருக்கு. அவர் உக்காரவே இல்ல. வாசுகி கண்ணெல்லாம் வீங்கிப்போய் அவர் பின்னாடி நிக்கிறா. அவர் திருப்பிக் கொண்டுவந்து போட்ட கல்யாணப் பத்திரிகை மேசை மேல கிடந்துது.

"டொரத்தி, நீ படிச்ச பிள்ளைன்னு நெனச்சேன்மா"ன்னார். "பொண்ணு கேட்டு வந்தப்ப நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்? என் பொண்ணு மதம் மாறக்கூடாதுன்னு. உங்கப்பா கை குடுத்தார். காலையில கோயில்ல தாலி, சாயங்காலம் சர்ச்சுல ஆசீர்வாதம்னு பேசினோம். இப்ப என் சொந்தக்காரங்களையெல்லாம் கன்வெர்ட் பண்ணிட்டேன்ற? நான்தான் பாக்கியா?"

போனை எடுத்து என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினார். மாதாவே! நம்ம ஊர்ல கன்வெர்ட்னா என்ன அர்த்தம்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். கல்யாண வீட்டுல வாய்க்குள்ளகூடச் சொல்லக்கூடாத வார்த்தை. அதைத்தான் நான் நாலு வரியில ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். எனக்கு என்ன கேடு, சிரிப்பு வந்துடுச்சு. அவர் முகம் இன்னும் கறுத்துப்போச்சு.

"அது ஃபைலுப்பான்னு எத்தனை தடவை சொல்றது?"ன்னு வாசுகி அழுதா.

"நீ பேசாத. உன் மனசை எப்பவோ மாத்திட்டாங்க."

எனக்கு வந்துது பாருங்க கோவம்! ஒரு வாரமா கண்ணு பூத்துப்போற மாதிரி உக்காந்து வேலை பாத்தவ நான். லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து அவர் முன்னாடி வெச்சேன். "அங்கிள், கல்யாணம் வேணாம்னா வேணாம். இதைப் பாத்துட்டுப் போங்க."

ஹேமநாதன் பெரியப்பா அனுப்பினதை அப்படியே திறந்தேன். "இது கன்வெர்ட் பண்ணாதது. இதுல உங்க பேரு எங்க இருக்கு, காட்டுங்க."

குனிஞ்சு பாத்தார். ஒரே கமாவும் ஆச்சரியக்குறியும். "எங்கம்மா இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்! இப்ப இதைப் பாருங்க, இது பண்ணினது." நான் செஞ்ச ஃபைலைத் தட்டினேன். நாதஸ்வரம் கேட்டுது. 'பெண்ணின் தந்தை அர்ச்சுனன்'னு பெருசா, தமிழ்ல வந்துது. மேல படம் வைக்க வேண்டிய இடம் மட்டும் காலியா இருந்துது. "எங்க கொண்டுபோய்ப் போட்டாலும் உங்க பேரு, உங்க எழுத்து, உங்க பாட்டு எதுவும் மாறக்கூடாது. அதுக்குத்தான் அங்கிள் கன்வெர்ட் பண்றேன், மாறாம இருக்கிறதுக்கு! உங்க படத்தை அனுப்பச் சொன்னேன், உங்களை இல்ல!"

கால்வின் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான், தோள் குலுங்குது. எங்கம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க. அங்கிள் சிரிக்கல. அடுத்த ஸ்லைடு ஓடிக்கிட்டு இருந்துது. அதுல அவர் மனைவி பிரேமலா ஆன்ட்டி. வாசுகி சின்னப் பிள்ளையா இருந்தப்பவே போயிட்டாங்க. டியூப்லைட்டை மறைச்சு அந்த முகத்தை எடுக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு. அவர் மெதுவா நாற்காலியில உக்காந்தார்.

"குரலும் இதுக்குள்ள நிக்குமா?"

"நிக்கும் அங்கிள்."

சட்டைப் பாக்கெட்லேருந்து இன்னொரு போனை எடுத்தார். பட்டனெல்லாம் தேஞ்ச பழைய போன், பின்பக்கம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்துது. ரொம்ப நேரம் தடவித் தடவி எதையோ அமுக்கினார். கரகரன்னு ஒரு பொம்பளைக் குரல். "என்னங்க, வாசுவுக்குக் காயா ரொட்டி வேணுமாம், வாங்கிட்டு வாங்க. மறந்துடாதீங்க லா. வாசு, இங்க வா, அப்பான்னு சொல்லு, சொல்லு." அதோட நின்னுபோச்சு.

வாசுகி அப்படியே தரையில உக்காந்துட்டா. "எனக்குக்கூடக் குடுக்கலையேப்பா"ன்னா.

"வேற போனுக்கு மாத்தினா அழிஞ்சுடும்னு கடையில பயங்காட்டிட்டான்மா. அதான் யார் கையிலயும் குடுக்கல."

அங்கிள் படம் தவிர எல்லாம் முடிச்சு வெச்ச ஃபைல். இப்ப இதைச் சேத்தா பாட்டோட நேரம் எல்லாம் தள்ளிப்போகும், மறுபடியும் மொதல்லேருந்து எல்லாத்தையும் செய்யணும். வேற யாராவது கேட்டிருந்தா தலையில நல்லா நாலு குட்டு வெச்சிருப்பேன். நான் போய் கேபிளைத் தேடி எடுத்தேன்.

அங்கிள் மேசையில கிடந்த பத்திரிகையை எடுத்து வாசுகி கையில குடுத்தார். ரப்பர் பேண்டைக் கழட்டிட்டு, போனை ரெண்டு கையாலயும் என்கிட்ட நீட்டினார்.

"பிரேமலாவை மொதல்ல கன்வெர்ட் பண்ணும்மா"ன்னார். "நான் பொறவு வரேன்."