பொட்டு வைத்த சார்ஜர்

புக்கிட் பெலண்டோக் தோட்டக் கோயில் தலைவர் அர்ச்சுனன், பல மைல் தள்ளியிருக்கும் மம்பாவ் ஊரிலிருந்து பாதயாத்திரை வருவதாக மைக்கிலேயே அறிவித்திருந்தார். எத்தனை அடி நடந்தார் என்பதைக் கைக்கடிகாரமே சொல்லும், மாலையும் தயார். ஆனால் மம்பாவ் கடைத்தெரு முடிவதற்குள் முழங்கால் கெஞ்சியது. மிச்ச வழியை, யாத்திரைக்குத் தண்ணீர் கொண்டுவந்த இளைஞன் புனிதனின் வேனில் படுத்தபடி கடந்து, கோயிலுக்குச் சற்று முன்னால் இறங்கி, நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

நல்லவேளை, கடிகாரம் அணைந்திருந்தது.

"பேட்டரி இப்பத்தான் செத்துப்போச்சு லா," என்றார் சோகமாக.

செயலாளர் லோகேஸ்வரி விடவில்லை. "பயணத்துக்குன்னு ஒரு மடக்குச் சார்ஜர் வாங்கிப் பீத்திக்கிட்டீங்களே அண்ணே, எடுங்க."

தீப்பெட்டி அளவு சார்ஜர் வெளியே வந்தது. கூடவே அர்ச்சுனனுக்கு ஒரு யோசனையும் வந்தது.

"புதுப் பொருளு, பூச போடாம எப்படி?" என்று பூசாரியிடம் நீட்டினார். கடிகாரம் உட்காரும் வட்டத்தைக் காட்டி, "இங்க நல்லா அப்புங்க சாமி," என்றார். சந்தனம் வடை கனத்துக்கு ஏறியது. அதன்மேல் வைத்த கடிகாரத்துக்கு உயிர் வரவில்லை.

"சாமி பொட்டு, தொடைக்கக் கூடாது," என்றார் அர்ச்சுனன் அவசரமாக.

"தொடைக்கலண்ணே, பிரசாதமா எடுத்துக்கறேன்." லோகேஸ்வரி சந்தனத்தை வழித்துத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டு, கடிகாரத்தைத் திரும்ப வட்டத்தில் வைத்தாள்.

சற்று நேரத்தில் கடிகாரம் கண் விழித்தது: அறுநூற்றுப் பன்னிரண்டு அடி.

கூட்டம் மெல்லத் திரும்பி அவர் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற வேனைப் பார்த்தது. லோகேஸ்வரி மாலையை எடுத்துப் போய் அதன் முகப்பில் சாத்தினாள். புனிதன் பணிவாக ஒரு ஹாரன் அடித்தான்.