நாகபூஷணம் கேட்ட கேள்விகள்

மூன்றாம் நாளும் நாகபூஷணம் என்னைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெயை வலது தோளில் வழியவிட்டபடியே கேட்டான்:

"ஏகாம்பரகுப்பத்துல நம்ம ஜனம் எத்தினி வீடு சாமி?"

தமிழ்க் குடும்பங்களை நம்ம ஜனம் என்று அவன் சொன்னதே உறுத்தியது. அவன் வீட்டில் பேச்சு தெலுங்கு. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து பத்து வருஷமாக நகரியில் நெசவாளர்களுக்குச் சுளுக்கு வழிக்கிறான். தறிக்குழியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட இடுப்பை அவன் கட்டைவிரல் தேடிக் கண்டுபிடித்துவிடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலம் அப்படி. 1957. ஆந்திராவில் இருந்த நகரி சென்னை ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று எங்கள் கமிட்டி மனு தயாரித்துக்கொண்டிருந்தது. கையெழுத்துப் பட்டியலை நான்கு பிரதி எழுதுவது என் பொறுப்பு. இரண்டு முடிந்த நிலையில், கார்வேட்டிநகரம் சாலையில் சைக்கிளோடு விழுந்தேன். அதன்பின் கை மார்புக்கு மேல் எழவில்லை; பேனாவைப் பிடித்தால் பத்து வரிக்குள் விரல்கள் மரத்தன. மனுக்களை வாங்க எல்லை விசாரணை அதிகாரி திருப்பதிக்கு வர நான்கே நாள் இருந்தது. மீதியை வேறொருவரிடம் கொடுக்கலாம். கொடுக்க முடியாததற்குக் காரணம் இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

"ஊர்க்கணக்கு உனக்கெதுக்கு?" என்றேன்.

"எனக்கு எதுக்கு? உன் சதைக்குத்தான். பேச்சு ஓடிக்கினு இருந்தாத்தான் அது அசரும். அசந்த நேரம் பாத்து அமுக்கணும். கதலகு, கதலகு."

அசையாதே என்று அவன் தெலுங்கில் சொன்னபடியே கிடந்தேன். முதல் நாள் வாயே திறக்கவில்லை, தோளும் திறக்கவில்லை. இரண்டாம் நாள் பொய்க்கணக்குச் சொல்லிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி அம்சவேணி சொன்னாள். "உங்க ஆளு, நகரி ஆந்திராவுலயே இருக்கணும்ங்கற அந்தக் கமிட்டி செயலாளர் வூட்லேர்ந்து வரதைப் பாத்தேங்க. கையில எண்ணெய்ச் சொம்பு. உங்க முதுகுல கேக்கறதை அங்க போய்க் கொட்றானோ இன்னாவோ."

அதை இப்போது நேராகவே கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ஆமா, அவருக்கு மொழங்கால். அவரும் உன்னை மாரியேதான் சாமி, வாய் தெறக்கமாட்டாரு. அதான் இன்னும் நொண்டிக்கினு கீறாரு."

சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. அவரைப் பற்றி என்னிடம் சொல்கிறவன் என்னைப் பற்றி அவரிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பான்?

"நூத்திப்பத்து வீடு," என்றேன்.

கட்டைவிரல் தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் நின்றது. "நேத்து அறுபதுன்னே. அப்ப இந்த எடம் கல்லாட்டம் இறுகிச்சு. இப்ப இறுகல."

சொல்லிக்கொண்டே அழுத்தினான். உள்ளே எதுவோ நழுவியது. கை தானாகக் காதுவரை உயர்ந்தது. வலி இல்லை. அந்தச் சுகத்தில் எனக்குப் பயம் வந்தது. மூடிய வாயைவிடத் திறந்த முதுகு ஆபத்தாக இருந்தது.

அவன் என் இடது கையை எடுத்து, இரண்டு தோளையும் ஒப்புப் பார்ப்பவன்போல் நீட்டினான். பிறகு எண்ணெய்த் துணியால் கட்டைவிரலை மெல்லத் துடைத்தான்.

"இன்னா சாமி, எழுதறது வலது கை. மையி எடது கட்டவெரல்ல கீது?"

பிழைக்கப் பெங்களூர் போயிருந்த முப்பத்தொரு பேருக்குப் பதில் நானே கைநாட்டு வைத்திருந்தேன். இங்கே இருந்திருந்தால் வைத்திருப்பார்கள் என்ற நிச்சயத்தில் செய்தது. அடுத்த இரண்டு பிரதியிலும் அதே விரல்தான் பதிய வேண்டும். வெளியே தெரிந்தால் அந்த முப்பத்தொன்று மட்டுமல்ல, நகரியின் மனுவே குப்பைக்குப் போகும்.

"இன்னும் ஒரே ஒரு முடிச்சு கீது," என்றான். "அது வுட்டுதுன்னா நாளைக்கே நீ எழுதலாம். பட்டியல்ல இருக்கற கைநாட்டெல்லாம் அவங்கவங்க வெச்சதுதானா சாமி?"

உப்பு ஒத்தட மூட்டையோடு வந்த அம்சவேணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் மூச்சைச் சீராக விட முயன்றேன். அவன் அழுத்தவில்லை. கட்டைவிரலை மட்டும் தோளின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அதன் கீழே என் சதை, என்னைக் கேளாமல், இறுகத் தொடங்கியது.