ஆகிலாவின் ஆறாவது பின்

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் பத்து நிமிடம். பிக்கப்பின் தட்டில் மூன்று கிடாரம் பிரியாணி. தொழுகை முடிந்ததும் சம்மாந்துறையில் வலீமா விருந்து வீட்டில் முந்நூறு பேர் சஹன் தட்டுகளைச் சுற்றி உட்காருவார்கள். நளீமும் அவன் மனைவி ஆகிலாவும் சமையல் தொழில் தொடங்கிய பிறகு கிடைத்த முதல் கல்யாணம் அது. சோறு பிந்தினால் இரண்டாவது கல்யாணத்துக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை.

வீரமுனையில் ஒரு மாட்டுப்பட்டி வீதியைக் கடந்தது. நளீம் வண்டியை நிறுத்தினான். மாடுகள் போனதும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கியர்த் தடியை இழுத்தான். கஞ்சியில் விட்ட அகப்பை போல அது சும்மா ஆடியது. வண்டி மூன்றாம் கியரிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பாரத்தோடு கிளப்பப் பார்த்தான். இரண்டு தரமும் எஞ்சின் குலுங்கி நின்றது.

"காலைல சரியாக்கிட்டன் எண்டீங்களே?" என்றாள் ஆகிலா.

நளீம் இறங்கி பொனட்டைத் திறந்தான். பக்கத்து வீட்டு வளவில், வயலுக்கு மருந்தடிக்கும் மெசினுக்குப் புதுக் குழாய் பூட்டிக்கொண்டிருந்த சாமித்தம்பி எழுந்து வந்தார்.

"என்னகா தம்பி, மாடு முட்டிட்டா?"

"கியர் கம்பி கழண்டுட்டு அண்ணன்."

சாமித்தம்பி குனிந்து பார்த்தார். கியர்ப்பெட்டியின் முளையை விட்டுக் கம்பி தொங்கியது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ்ஷைக் காணவில்லை. அந்த இடத்தில் பச்சை நூல் பிய்ந்து கிடந்தது.

"இதென்ன, கட்டுற சாறனா?"

"புஷ் தேஞ்சிட்டு. தறி நூலச் சுத்தி இறுக்கினன்."

"மருதமுனையா?"

"ஓம். ஊர் முழுக்கத் தறிதானே."

"அதான பாத்தன். உங்கட ஊரில கால் முறிஞ்சாலும் நூலத்தான் சுத்துவீங்க போல."

ஆகிலா சிரிக்கவில்லை. தூரத்தில் பாங்கு கேட்டது.

சாமித்தம்பி ஓடிப்போய்ப் புதுக் குழாயில் ஒரு விரல் நீளம் வெட்டி வந்தார்.

"ஐயோ, மெசினுக்கு அண்ணன்?"

"கொஞ்சம் கட்டையாப் போனா வயலுக்கென்ன தெரியவா போகுது? பிடி."

நளீம் கியர்ப்பெட்டியின் கையைத் தள்ளி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தான். முளையில் குழாய்த் துண்டைச் செருகி, அதன் மேல் கம்பியை அழுத்தினான். கச்சிதமாக இறுகியது. ஆனால் முளையின் நுனித் துளையில் இருந்த கிளிப்பும் விழுந்துபோயிருந்தது.

"அதுக்கு ஒண்டு போடாட்டி அடுத்த பள்ளத்தில திரும்பக் கழரும்," என்றார் சாமித்தம்பி.

நளீம் மெல்ல ஆகிலாவைப் பார்த்தான். காலையில் அவள் ஸ்காஃபுக்கு ஆறு பின் குத்துவாள். 'முள்ளுக்கம்பி வேலி' என்று தினமும் கேலி செய்வான்.

"என்ன பாக்கிறீங்க?"

"வேலியில ஒரு முள்ளு தா புள்ள."

யாரும் சொல்லாமலே சாமித்தம்பி வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆகிலா பிடரியில் இருந்த பெரிய பின்னைக் கழற்றிக் கொடுத்தாள். அது துளைக்குள் நுழைந்து பூட்டிக்கொண்டது.

முதல் கியர் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. "அல்லாஹ் பெரியவன்!" என்று நளீம் கத்தினான். சாமித்தம்பி வீதியில் நின்று கை காட்டினார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் அப்போதுதான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒரு கிடாரத்தைத் திறந்தார். ஆவி அவர் கண்ணாடியை மறைத்தது.

"நல்ல சூடா இரிக்கி!"

நளீமின் கை இன்னும் கியர்த் தடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விடுங்க, வந்துட்டம்," என்றாள் ஆகிலா.

அவன் நீளமாக மூச்சு விட்டான். "நாளைக்கு உனக்கு ஒரு டசன் பின் வாங்கித் தாறன்."

"என்னட்ட இன்னும் அஞ்சு இரிக்கி," என்றாள் அவள், அவிழ்ந்த ஸ்காஃபை ஒரு கையால் பிடித்தபடி. "நீங்க போய் புஷ் வாங்குங்க."